விரிசல் விட்ட உத்திரமும் கார்பன் இழைத் துணியும்: கேள்வி பதில்

மேலப்பாளையத்திலிருந்து: கடைக்கு மேல் ஒரு மாடி எடுத்த பிறகு, கீழ் உத்திரத்தின் நடுவில் அடிப்பக்கத்திலிருந்து மயிரிழை போல விரிசல்கள் ஏறுகின்றன. கார்பன் துணி ஒட்டினால் போதுமா?

நடுவில் நெட்டுக்குத்தாக ஏறுபவை வளைவினால் வரும் விரிசல்கள். சாதாரணச் சூழலில் 0.3 மில்லிமீட்டர் அகலம் வரை கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 பொறுத்துக்கொள்கிறது என்பதால், முதலில் விரிசலின் நுனியில் பென்சிலால் கோடிட்டுத் தேதியை எழுதி, அது வளர்கிறதா என்று பாருங்கள். உள்ளிருக்கும் கம்பி போதவில்லை என்று கணக்கில் தெரிந்தால், கார்பன் இழையாலான இந்தத் துணியை எபாக்சிப் பசையால் ஒட்டலாம். ஆனால் உத்திரம் ஏற்கெனவே சுமக்கும் பாரத்தைத் துணி வாங்கிக்கொள்ளாது. ஒட்டிய பின் சேரும் பாரத்தில்தான் பங்கெடுக்கும். ஆகவே ஜாக்கி வைத்துப் பாரத்தை இறக்கிய பிறகே ஒட்ட வேண்டும்.

உவரியிலிருந்து: உத்திரத்தில் கம்பி துருப்பிடித்துக் காரை (கான்கிரீட்) பெயர்ந்திருக்கிறது. பூசிவிட்டு மேலே துணி ஒட்டலாம் என்கிறார் மேஸ்திரி.

கூடவே கூடாது. துருவேறிய கம்பி பருத்து, காரையை உள்ளிருந்து பிளக்கிறது; அதை அப்படியே மூடினால் காரையும் துணியும் ஒன்றாகக் கழன்று விழும். சுத்தியலால் தட்டும்போது பொத்தென்று ஒலிக்கும் இடமெல்லாம் கம்பியின் பின்புறம் வரை கொத்தியெடுத்து, துருவைச் சுரண்டி, இளைத்த கம்பிக்குத் துணைக்கம்பி சேர்த்து, பாலிமர் கலவையால் நிரப்ப வேண்டும். பிறகு காரையின் மேற்பரப்பைப் பிய்த்து இழுத்துப் பார்க்கும் இழுவைச் சோதனையில் அது குறைந்தது 1.4 மெகாபாஸ்கல் (இழுவிசை அளவு) தாங்கினால்தான் துணியைப் பற்றியே பேசலாம். பசை எவ்வளவு உயர்ந்ததானாலும், பலவீனமான காரைக்கு அது பலம் தராது.

பாளையங்கோட்டையிலிருந்து: தூணை ஒட்டிச் சாய்வாக ஒரு விரிசல் உள்ளது அண்ணாச்சி.

இன்றே முட்டுக் கொடுங்கள். அது வெட்டுவிசை விரிசல், அதாவது பாரம் உத்திரத்தைத் தூணருகே குறுக்கே அறுக்கப் பார்ப்பதால் வருவது; உத்திரம் முன்னறிவிப்பின்றி முறியக்கூடும். அடியில் ஒட்டும் துணி இதற்கு உதவாது. மூன்று பக்கமும் லாடம் போலச் சுற்ற வேண்டும். துணி அறுபடாதிருக்க விளிம்புகளை 13 மில்லிமீட்டர் ஆரத்துக்காவது உருட்ட வேண்டும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: இரும்புத் தகடு மலிவாயிற்றே, கார்பன் எதற்கு?

எடைதான் காரணம். 1991-இல் சுவிட்சர்லாந்தின் லுசெர்ன் அருகே ஈபாக் பாலத்தில், 175 கிலோ இரும்பு செய்ய வேண்டிய வேலையை 6.2 கிலோ கார்பன் தகடு செய்தது. அதோடு கார்பன் துருப்பிடிக்காது.

டவுனிலிருந்து: எங்கள் அல்வாக் கடை அடுப்புக்கு நேர் மேலுள்ள உத்திரத்துக்கு ஒட்டலாமா?

வேண்டாம். எபாக்சிப் பசை 60 முதல் 80 டிகிரிக்குள்ளாகவே இளகத் தொடங்கும். அங்கே கம்பி கட்டிக் கான்கிரீட் உறை போடுவதே பொருத்தம்.