ஆட்டிசம் உள்ள என் பையன் தண்ணில இறங்கினாலே அமைதியாயிடுறான். நீச்சல் கிளாஸ்ல சேர்த்தா ஆட்டிசம் சரியாயிடுமா?

சரியாகாது. அது நோய் இல்லையே. எனக்கும் ஆட்டிசம்தான், முப்பது வயசு தாண்டினப்புறம்தான் டாக்டர் கண்டுபிடிச்சு சொன்னார். ஆனா உங்க பையன் தண்ணில அடங்குறான் பாருங்க, அது நூத்துக்கு நூறு உண்மை.

வெளில இருக்கும்போது சட்டை காலர்ல இருக்க லேபிள், டியூப்லைட் இரைச்சல், நாலு பேர் பேச்சு எல்லாம் ஒரே சத்தத்துல மண்டைக்குள்ள வரும். கழுத்தளவு தண்ணில நின்னா உடம்பு எடைல பத்துல ஒரு பங்குதான் கால்ல இறங்கும், ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடுறதால கால்ல இறுக்கமாவும் நெஞ்சுல லேசாவும் பிடிச்சுக்கும், ஆளுங்க கட்டிப்பிடிச்சா எனக்கு ஆகாது ஆனா இது ஆகும். தலைய உள்ள விட்டா என் மூச்சுக் குமிழி சத்தம் மட்டும்தான்.

பக்கத்து லேன்ல ஒரு பெரியவர் நீந்துவார். பேசிக்கிட்டதே இல்ல. நான் முன்னாடி போய்ட்டா சுவத்தைப் பிடிச்சுட்டு நிப்பேன், அவர் வந்ததும் ரெண்டு பேரும் ஒண்ணா உதைச்சுக் கிளம்புவோம். ஆபீஸ்ல கூட இருக்கவங்களவிட இவர்தான் எனக்கு நெருக்கம்னா வீட்ல சிரிக்கிறாங்க, சிரிச்சுட்டுப் போகட்டும்.

எல்லா ஆட்டிசம்காரங்களுக்கும் தண்ணி பிடிக்கும்னு நான் சொல்லல, குளோரின் வாடையும் கோச் விசிலும் தாங்காம ஓடுறவங்களும் உண்டு, அதுக்காக கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா செய்யுங்க. அமெரிக்காவுல 2017ல வந்த ஒரு ஆய்வுல, ஆட்டிசம் உள்ள குழந்தைங்க தண்ணில மூழ்கி இறக்குற வாய்ப்பு மத்த குழந்தைங்களவிட 160 மடங்குன்னு போட்டிருந்தாங்க. வீட்ல யாருக்கும் தெரியாம தண்ணியத் தேடிப் போயிடுற பசங்க நிறைய. அதனால மல்லாந்து மிதக்கவும், உள்ள விழுந்தா திரும்பி சுவத்தைப் பிடிக்கவும் முதல்ல சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க, ஸ்ட்ரோக்கெல்லாம் அப்புறம். கத்துக்கிட்டாலும் ஒரு ஆள் கண்ணு அவன் மேலயே இருக்கணும்.

2022ல தலைமன்னார்லேர்ந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்த, ஆட்டிசம் உள்ள ஜியா ராயைக் காட்டி சொந்தக்காரங்க ஆரம்பிப்பாங்க. அந்தப் பொண்ணு செஞ்சது பெரிய சாதனை, மறுக்கல. அதுக்காக உங்க பையன் மெடல் வாங்கணும்னு இருக்கா என்ன, சும்மா மிதந்துட்டு வரட்டுமே.

அப்புறம் அந்த டிரெஸ்ஸிங் ரூம்ல கை காய வைக்கிற மிஷின் இருக்கே, அதைக் கண்டுபிடிச்சவன் கைல கிடைச்சான்னா... நீந்தி சேர்த்து வச்ச நிம்மதி ஒரே உறுமல்ல போயிடும். அணைக்கச் சொன்னா "உங்களுக்கு மட்டும்தான் சார் பிரச்சனை"ங்கறாங்க. பையனுக்கு காதை மூடுற ஹெட்போன் ஒண்ணு பைல மேலாக வைங்க, டவலுக்கு முன்னாடி அதுதான் தேவைப்படும்.