மீன்பிடித் தகவலை எப்படி வாசிப்பது?

கேள்வி: ஒரே ஏரி, ஒரே வாரம். ஒரு தகவல் ‘கூடை நிறைந்தது’ என்கிறது. இன்னொன்று ‘ஒரு கடிகூட இல்லை’ என்கிறது. எதை நம்பிக் கிளம்புவது?

பதில்: இரண்டுமே உண்மையாக இருக்கலாம். முதலில் தேதியைப் பாருங்கள். எழுதிய தேதி அல்ல, மீன் பிடித்த தேதி. அடுத்தது நேரம்: விடியலில் கடித்த மீன் உச்சி வெயிலில் கடிக்காமல் போவது சாதாரணம். பிறகு, எத்தனை தூண்டில், எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடுங்கள். நான்கு பேர் ஆளுக்கொரு தூண்டிலோடு ஐந்து மணி நேரம் உட்கார்ந்து 10 மீன் பிடித்தால், ஒரு தூண்டிலுக்கு இரண்டு மணிக்கு ஒரு மீன்தான். தனி ஆள் இரண்டு மணி நேரத்தில் 3 மீன் பிடித்திருந்தால் அது மும்மடங்கு நல்ல தகவல். படத்தில் என்னவோ முதல் கூட்டத்தின் கூடைதான் பெரிதாகத் தெரியும்.

வெறுங்கையோடு திரும்பியவர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அதனாலேயே, எந்தக் கரையில், எந்த இரை பலிக்கவில்லை என்று ஒருவர் விவரமாகச் சொன்னால் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘ஆறு மீட்டர் ஆழத்தில், அடிமட்டத்தில் கெண்டை நன்றாகக் கடிக்கிறது’ என்ற தகவலை நம்பி மூன்று வாரம் கழித்துப் போனோம். கோடை உச்சம். அதே இடம், அதே மண்புழு. ஒன்றும் சிக்கவில்லை. ஏன்?

பதில்: அந்த மூன்று வாரத்தில் தண்ணீர் மாறியிருக்கும். கோடையில் ஆழமான ஏரியின் மேல்தண்ணீர் சூடேறி, இலேசாகி, மேலேயே நின்றுவிடும். குளிர்ந்த, கனத்த நீர் அடியில் தங்கும். நடுவில் மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு மேல் வெப்பம் இறங்கும் அடுக்கு ஒன்று உருவாகும். அதைத் தாண்டிக் காற்று கீழே இறங்காது. பாசியும் சருகும் மிகுந்த ஏரியில் அடியில் மக்கும் பொருள்கள் மீதமிருக்கும் ஆக்ஸிஜனையும் தீர்த்துவிடும். மீன் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். உங்கள் இரை அது இல்லாத இடத்தில் கிடந்திருக்கலாம்.

இதைச் சோதிக்க ஒரு சிறிய பாட்டில் போதும். ஈயக்குண்டு கட்டி, தக்கையை லேசாகச் செருகி, தக்கையில் தனி நூல் கட்டுங்கள். பாட்டிலைத் தாங்கும் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு. வேண்டிய ஆழத்துக்கு இறக்கி, தக்கை நூலை வெடுக்கென்று இழுத்தால் அந்த ஆழத்துத் தண்ணீர் உள்ளே நிறையும். குமிழி நின்றதும் சட்டென்று தூக்கி வெப்பமானியை வைத்துப் பாருங்கள். தாமதித்தால் மேல்தண்ணீரின் சூடு ஏறி அளவு கெட்டுவிடும். மீட்டர் மீட்டராக இறங்கும்போது வெப்பம் எங்கே மளமளவென்று குறையத் தொடங்குகிறதோ, அதற்கு அரை மீட்டர் மேலே தூண்டில் முள் தொங்கும்படி மிதவையை வையுங்கள்.

வெயில் காலம் முடிந்து மேல்தண்ணீர் குளிர்ந்ததும், பலத்த காற்று அடித்தால் அடுக்குகள் கலந்துவிடும். அதன்பின் பழைய தகவல்களில் உள்ள ஆழ அளவுகளை நம்ப வேண்டாம்.

கேள்வி: கிளம்புவதற்கு முதல் நாள் ஏரிக்கரையில் இருப்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

பதில்: ‘மீன் கடிக்கிறதா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். தண்ணீர் ஏறுகிறதா, இறங்குகிறதா? ஏறினால் புதிதாக மூழ்கிய புல்லோரத்துக்கு மீன் வரும். வேகமாக இறங்கினால் ஆழத்தின் விளிம்புக்கு விலகும். கலங்கலா, தெளிவா? கலங்கலாக இருந்தால் வாசமுள்ள இரை. தெளிவாக இருந்தால் மெல்லிய தூண்டில் நரம்பு, நிழலான நேரம். காற்று எந்தக் கரையில் மோதுகிறது? ஒரே திசைக் காற்று ஒரு நாள் தொடர்ந்து அடித்தால் மிதக்கும் நுண்ணுயிர்கள் அந்தக் கரையில் சேரும். அவற்றைத் தின்னும் சிறு மீன்களும், அவற்றின் பின்னே பெரிய மீன்களும் வரும். எனவே ‘கிழக்குக் கரையில் நல்ல மீன்’ என்ற தகவலோடு அன்றைய காற்றையும் சேர்த்துப் பாருங்கள். மேற்கிலிருந்து காற்று அடித்த நாளின் தகவலாக இருந்து, நீங்கள் போகும் நாளில் கிழக்கிலிருந்து அடித்தால், மேற்குக் கரையிலிருந்து தொடங்குங்கள்.