சிந்தனை நாள் கூட்டம்: நீலப்பறவையர் பொறுப்பாளர்களின் கேள்விகளுக்குப் பதில்

சிந்தனை நாளான பிப்ரவரி 22 நெருங்கினால் என் போன் ஓயாது. சேலத்தில் பதினைந்து வருஷமாக நீலப்பறவையர் குழு (சாரணியர் இயக்கத்தில் சின்னப் பெண் பிள்ளைகளின் பிரிவு) நடத்துகிறேன். இந்த முறை வந்த கேள்விகளுக்கு மொத்தமாக இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, ஏழு வயசுப் பிள்ளைக்குச் சிந்தனை நாளை எப்படிச் சொல்றது? (புது ஆசிரியை, அம்மாபேட்டை)

பிறந்தநாள்னு ஆரம்பிங்கம்மா. சாரணர் இயக்கத்தை ஆரம்பிச்ச பேடன் பவல் பிறந்தது 1857, அவர் மனைவி ஓலாவ் பிறந்தது 1889. ரெண்டு பேருக்கும் தேதி பிப்ரவரி 22. "ஒரே நாளா மிஸ்?"னு கேட்பாங்க, அங்கேயே பாதி வேலை முடிஞ்சுது. உலகத்துச் சாரணியர் ஒருத்தரையொருத்தர் நினைச்சுக்கணும்னு 1926-ல அமெரிக்காவில் நடந்த மாநாட்டில் இந்த நாளைக் குறிச்சாங்க. 1932-ல போலந்து மாநாட்டுக்கு பெல்ஜியத்திலிருந்து வந்தவர், "பிறந்தநாள்னா பரிசும் உண்டே"ன்னு சொன்னார். காசு சேர்க்கிற பழக்கம் அப்படித்தான் வந்தது.

24 பிள்ளைங்க இருக்காங்க. ஆளுக்கொரு நாட்டு உடை போடலாமா? (ஒரு அம்மா, அஸ்தம்பட்டி)

வேண்டாம். வாடகை உடைன்னு ஆரம்பிச்சா அது அம்மாக்கள் போட்டியாயிடும். ஒரு வருஷம் எங்க குழுவிலேயே நடந்தது. ஜரிகை குத்துதுன்னு ஒரு குழந்தை கூட்டம் முடியிற வரைக்கும் அழுதுச்சு.

அதுக்குப் பதிலா சாரணியர் இயக்கத்தோட ஐந்து உலக மையங்களை எடுத்துக்கோங்க. சுவிட்சர்லாந்து, லண்டன், மெக்சிகோ, நம்ம புனே ஆளுக்கொரு மூலை. புனே மையம் 1966-ல திறந்தது, பேரு 'சங்கம்'. அர்த்தம் சொல்லவே வேண்டியதில்லை. ஐந்தாவது ஆப்பிரிக்காவின் 'குசாஃபிரி'. சுவாஹிலியில் பயணம் போறதுன்னு அர்த்தம். அதுக்குன்னு ஒரு கட்டடம் கிடையாது, நாடு நாடா நகரும். அதனால அந்த மையத்துக்கு மூலை கொடுக்காதீங்க, ஒரு மூங்கில் கூடை கொடுங்க. விசில் அடிக்கும்போதெல்லாம் கூடை அடுத்த மூலைக்குப் போகணும். என் பிள்ளைங்க அதைத் தூக்கறதுக்குத்தான் சண்டை போட்டாங்க.

பேட்ஜுக்கு அட்டை வெட்டி வெச்சுட்டுக் காத்திருக்காதீங்க. பூந்தொட்டியில் புளியாரை தானா முளைச்சிருக்கும், மூணு இலைச் செடி. ஆளுக்கு ஒண்ணு பறிச்சு நீலக் காகிதத்தில் ஒட்டச் சொல்லுங்க. உலகச் சாரணியர் சின்னமும் நீலத்தில் மூவிலைதான், உறுதிமொழியின் மூணு பகுதிக்கு மூணு இலை. ஒண்ணு ரெண்டு இலை வாய்க்குள்ள போயிடும், புளிப்பு அப்படி! அதனால முதல்லயே கழுவி வெச்சிடுங்க.

தீனிக்கு கேக் சொல்லிடலாமா அக்கா? (உதவிப் பொறுப்பாளர், செவ்வாய்ப்பேட்டை)

செவ்வாய்ப்பேட்டையிலிருந்துகிட்டு கேக்கா? நம்ம சேலத்துத் தட்டுவடை செட் போடுங்க, பிள்ளைங்களே அடுக்கட்டும். ஒரு தட்டுவடை, மேல புதினா சட்னி, பூண்டுக் காரச் சட்னி, துருவின கேரட், பீட்ரூட், வெங்காயம், அதுமேல இன்னொரு தட்டுவடை. 24 பிள்ளைங்களுக்கு ஆளுக்கு ரெண்டு செட்னா 96 தட்டுவடை. உடையறதுக்கும் சேர்த்து 110 வாங்குங்க. காரச் சட்னி கிண்ணம் மட்டும் உங்க கையில் இருக்கணும். அப்புறம், சட்னி தடவினதும் சாப்பிட்டுடணும். முன்னாடியே அடுக்கி வெச்சா நமுத்துப்போகும்.

கூட்டத்தை ஏற்காட்டில் வெச்சுக்கலாமா? கேம்ப் ஃபயரும் ஆசை. (ஒரு அப்பா, ஐந்து ரோடு)

தாராளமா போங்க சார். ஆனா சேலத்திலிருந்து ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு. பூரி, பொங்கல்னு வயிறு நிறையக் கொடுத்தீங்கன்னா அடிவாரம் தாண்டி கொஞ்ச தூரத்திலேயே பஸ்ஸை நிறுத்த வேண்டியிருக்கும். ரெண்டு இட்லி போதும். தீனிப்பை குரங்கு கண்ணில் படாம இருக்கட்டும். ஸ்வெட்டர் கட்டாயம், மூணு மணிக்கெல்லாம் இறங்க ஆரம்பிச்சிடுங்க.

தீ மட்டும் கூடவே கூடாது. பிப்ரவரியில் மலையில் சருகு காய்ஞ்சு கிடக்கும், ஒரு பொறி போதும். நாலு விறகை அடுக்கி, உள்ளே டார்ச் வெச்சு, சிவப்பும் மஞ்சளுமா கண்ணாடிக் காகிதம் சுத்துங்க. இருட்டான ஹால்ல அது எரியற மாதிரியே இருக்கும், பிள்ளைங்க கையை நீட்டிக் குளிர்கூடக் காய்வாங்க.

காசு எவ்வளவு கேட்கலாம்? (அம்மாபேட்டை ஆசிரியையே மறுபடியும்)

ஒரு ரூபாய். உண்டியலில் அவங்க கையாலேயே போடட்டும். ஜிபே வேண்டாம்மா, சத்தம் வராது.