கடலைப் பார்த்த முப்பது சென்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் தென் பகுதியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் நான் அங்கே போனேன். வேலையை விட்டிருந்த நேரம். கோலாலம்பூர் வழியாகப் போய் இறங்கி, கிழக்கே ஏகாஸ் விரிகுடாவை ஒட்டிய ஒரு மீனவக் கிராமத்தில் அறை எடுத்தேன். ஒரு வாரம் என்று போனவன், விசாவை நீட்டித்துக்கொண்டு இரண்டு மாதம் இருந்துவிட்டேன்.

நான் தங்கிய வீட்டுக்காரரின் மைத்துனருக்குக் கடலைப் பார்த்த மாதிரி 12 ஆர் நிலம் இருக்கிறது. நம் கணக்கில் முப்பது சென்ட். அவர் சொன்ன விலைக்குக் கோத்தகிரியில் மூன்று சென்ட் கூடக் கிடைக்காது. வெளிநாட்டுக்காரர் பெயரில் பதிய முடியாதாம். ஆனால் "பெயர் என்னுடையதாக இருக்கட்டும், நோட்டரியிடம் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்கிறார். நல்ல மனிதர். என் சேமிப்பில் பாதி போகும். நான் வாங்காவிட்டால் எப்படியும் ஓர் ஆஸ்திரேலியர் வாங்கத்தான் போகிறார். அந்த மக்கள் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நிம்மதியாக வாழ்கிறார்கள்! எனக்கும் அப்படி வாழ ஆசை. வாங்கலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

வாங்காதீர்கள். முன்பணமும் கொடுக்காதீர்கள். அந்தக் கரையின் மேல் எனக்கும் உங்கள் அளவுக்கு ஆசை உண்டு. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். இந்தோனேசியாவின் அடிப்படை நிலச் சட்டம் 1960 செப்டம்பரில் வந்தது. நாம் சொந்த நிலம் என்று சொல்லும் முழு உரிமைக்கு அங்கே ஹாக் மிலிக் என்று பெயர். தனி மனிதர்களில் இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான் அது கிடைக்கும். உங்கள் நண்பர் காட்டிய வழி, நம் பேச்சில் சொன்னால், பினாமி. 26-ஆம் பிரிவு அதை மனதில் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது: வெளிநாட்டவர் கைக்கு நேராகவோ சுற்றி வளைத்தோ நிலத்தைக் கொண்டுபோகும் ஒப்பந்தம் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. கடன் பத்திரம் ஒன்று, பவர் ஒன்று, நீண்ட குத்தகை ஒன்று என்று மூன்றையும் சேர்த்துக் கட்டித் தருவார்கள். பார்க்கக் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் பணம் யாருடையதாக இருந்தாலும் சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் கீழ் நீதிமன்றங்களுக்கு வழிகாட்டியிருக்கிறது. உங்கள் நண்பர் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்குப் பிறகு அந்த நிலம் அவர் பிள்ளைகளுக்குப் போகும். அவர்களுக்கு நீங்கள் யார்?

எல்லாரும் செய்கிறார்கள் என்பது உண்மைதான். பாலியிலும் லொம்போக்கிலும் இப்படி எழுந்த வீடுகள் நிறைய. அவை நிற்கின்றன என்பதற்காக ஒப்பந்தம் செல்லுபடியாகிவிடாது.

ஆனால் உங்கள் கடிதம் இந்தச் சட்டத்தைத் தாண்ட வேண்டிய ஒரு வேலியாக மட்டும் பார்க்கிறது. என்னை உறுத்தியது அதுதான். 1870-இல் டச்சு ஆட்சி ஒரு நிலச் சட்டம் போட்டது. உரிமைக்குச் சான்று காட்ட முடியாத நிலமெல்லாம் அரசுடையது என்று அறிவித்து, அதைத் தோட்டக் கம்பெனிகளுக்கு 75 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். தலைமுறை தலைமுறையாக உழுதவனிடம் ஏது காகிதம்? அதே காலத்தில்தான் கிழக்குச் சுமத்ராவின் டெலி புகையிலைத் தோட்டங்களுக்கு நம் ஆட்களும் கூலிகளாகப் போனார்கள். மேடான் நகரத்துத் தமிழர்களில் பலர் அவர்கள் வழி வந்தவர்கள். விடுதலைக்குப் பிறகு வந்த 1960 சட்டம் அந்தப் பழைய சட்டத்தை ஒழித்தது. காசுள்ள வெளியாள் மறுபடி மண்ணைப் பிடித்துவிடக் கூடாது என்ற கவலை அதன் வரிகளில் தெரிகிறது. இந்தியர்களாகிய நமக்கு அந்தக் கவலை புரியாமல் போகக் கூடாது.

அப்புறம் காகிதம். அந்த நிலத்துக்கு நில அலுவலகம் கொடுத்த சான்றிதழ் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கிராமங்களில் பல நிலங்களுக்கு கிரிக் என்ற பழைய வரிக் காகிதமும் ஊர்த் தலைவரின் கடிதமும் மட்டும்தான் இருக்கும். வரி கட்டிய ரசீது பட்டா ஆகாது என்பது நமக்குத் தெரியும், அங்கேயும் அதே கதைதான். பழைய காகிதங்களைப் பதிவு செய்துகொள்ள 2021-இல் வந்த அரசாணை ஐந்தாண்டு, அதாவது 2026 பிப்ரவரி வரை, கெடு வைத்தது. சான்றிதழ் இருந்தாலும் அது தாத்தா பெயரில் இருக்கலாம். அப்படியானால் வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். கிழக்கு லொம்போக் என்றால் ஒரு அண்ணன் மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் இருப்பார், ஒரு தங்கை சவூதியில் வீட்டு வேலையில் இருப்பார். இந்தோனேசியாவிலேயே வெளிநாட்டு வேலைக்கு மிக அதிகம் பேரை அனுப்பும் மாவட்டங்களில் அதுவும் ஒன்று. அண்ணன் ஊர் திரும்பும்போது தன் பங்கு நிலத்தில் யாரோ ஒருவரின் நீச்சல் குளம் இருந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"கடலைப் பார்த்த" என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு பக்கம்? கடல் ஏறி வரும் உச்சக் கோட்டிலிருந்து குறைந்தது 100 மீட்டரைக் கரைக் காப்பு எல்லையாக வைக்க வேண்டும் என்று 2016-இல் அதிபர் ஆணை வந்தது. நியாயமான ஆணை. 1977 ஆகஸ்டில் கிழக்கே உள்ள சும்பா தீவுக்குத் தெற்கே கடலுக்கடியில் ஏற்பட்ட பெரிய நிலநடுக்கத்தில் எழுந்த ஆழிப்பேரலை பக்கத்துத் தீவான சும்பாவாவின் தென் கரையையும் லொம்போக்கின் தென் கரையையும் அடித்தது. அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் ஒரு நல்ல வழக்கறிஞர் உங்களுக்கு என்னைவிட நன்றாகச் சொல்வார். நான் கேட்க நினைப்பது வேறு. அந்த மைத்துனர் ஏன் விற்கிறார் என்று கேட்டீர்களா?

அந்த விரிகுடாவில் மிதக்கும் பிளாஸ்டிக் பாட்டில்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குக் கீழே கயிற்றில் கடற்பாசி வளர்கிறது. நம் மண்டபம், பாம்பன் பக்கம் வளர்ப்பதும் அதே கப்பாஃபைகஸ் இனம்தான். பெண்கள் நிழலில் உட்கார்ந்து நாற்றை முடிச்சுப் போட்டுக் கட்டுவார்கள். ஏறக்குறைய 45 நாளில் அறுவடை. தண்ணீர் சூடாகிவிட்டால் ஐஸ்-ஐஸ் நோய் வந்து தண்டு வெளுத்து உதிர்ந்துவிடும், அந்த 45 நாள் உழைப்பும் போச்சு. இன்னொரு வருமானம் சிங்கி இறால் குஞ்சு. கண்ணாடி மாதிரி இருக்கும் அந்தக் குஞ்சுகள் ஒட்டிக்கொள்வதற்காக சிமெண்ட் சாக்குக் காகிதத்தை மடித்து, இரவில் விளக்கு போட்டு, கடலுக்குள் தொங்கவிடுவார்கள். மீன்வளத் துறை அமைச்சராக இருந்த சூசி புஜியாஸ்துத்தி அதைப் பிடித்து விற்பதற்குத் தடை போட்டார். கடலைக் காப்பாற்ற அது தேவையான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் கரையில் பல வீடுகளுக்கு வருமானம் நின்றது. 2020-இல் எதி பிரபோவோ அமைச்சராக இருந்தபோது ஏற்றுமதியைத் திறந்தார்கள். அந்த நவம்பரிலேயே ஏற்றுமதி உரிம லஞ்ச வழக்கில் ஊழல் ஒழிப்பு ஆணையம் அவரைக் கைது செய்தது. 2021-இல் மறுபடி தடை, 2024-இல் மறுபடி அனுமதி. இப்படி வருமானம் திறந்தும் மூடியும் கொண்டிருக்கும் வீட்டில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், மகளுக்குக் கல்யாணம், வயதானவருக்கு ஹஜ் என்று செலவு மட்டும் நிற்காமல் வரும். ஹஜ்ஜுக்குப் பதிய மட்டும் 2.5 கோடி ரூபியா முன்பணம் கட்ட வேண்டும். அதன் பிறகு முறை வரப் பல ஆண்டுகள் ஆகும். அதற்காகவே நிலத்தை விற்பவர்கள் உண்டு. கையில் மாற்று இருந்து விற்பது வேறு, இப்படி விற்பது வேறு. உங்களுக்கு அந்த விலை மலிவாகத் தெரிந்ததற்கு இதுதான் காரணம்.

விற்ற பிறகு என்ன ஆகிறது என்பதற்குத் தொலைவு போக வேண்டாம். நீங்கள் தங்கிய கிராமத்துக்கு மேற்கே, அதே தென் கரையில், மண்டலிகா. 2014-இல் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் அங்கே சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவிக்கப்பட்டது. 2021-இல் பந்தயத் தடம் வந்தது, மறு ஆண்டு மோட்டோஜிபி பைக் பந்தயம். நிலமும் வீடும் போன, லொம்போக்கின் சொந்த மக்களான சாசாக் குடும்பங்களுக்குச் சரியான ஈடு கிடைக்கவில்லை என்று 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமை வல்லுநர்கள் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். 2025 ஜூலையில் தஞ்சுங் ஆன் கடற்கரையில் உள்ளூர்க்காரர்கள் நடத்திவந்த சிறு கடைகள் இடிக்கப்பட்டன. இது அரசு நிறுவனம் செய்தது, நான் முப்பது சென்ட் வாங்கப் போகிறவன் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் விலை மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்து வருவது உங்களைப் போன்றவர்களின் முப்பது சென்டுகள் வழியாகத்தான். முதலில் ஒருவர் வாங்குவார். தரகர் அந்த விலையை அடுத்த வீட்டில் சொல்வார். கரையில் நான்கு வீட்டுக்கு வேலி வந்துவிட்டால் படகை எங்கே இழுத்துப் போடுவது? பாசியை எங்கே காயவைப்பது?

நான் வாங்காவிட்டால் ஆஸ்திரேலியர் வாங்குவார் என்கிறீர்கள். வாங்கலாம். வாங்காமலும் போகலாம், அந்த மைத்துனர் மனம் மாறலாம், அண்ணன் மறுக்கலாம். இன்னொருவர் செய்யக்கூடும் என்பதை வைத்து நாம் செய்வதை நியாயப்படுத்த முடியாது தம்பி. (இப்படி அழைப்பதற்கு மன்னியுங்கள், நீங்கள்தான் அக்கா என்று ஆரம்பித்தீர்கள்.)

அந்த நிம்மதி பற்றி. நீங்கள் பார்த்தது பொய்யில்லை. மாலையில் வீட்டு முன்னாலுள்ள பெருகாக்கில், அந்தக் கூரை போட்ட திண்ணையில், அரிசியும் சேர்த்து வறுத்த காப்பியோடு ஊரே உட்கார்ந்து பேசுவதைப் பார்த்தால் யாருக்கும் அங்கேயே இருந்துவிடத் தோன்றும். ஒருவர் இறந்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அடுத்த மணி நேரத்தில் அரிசியும் விறகும் தேங்காயுமாக ஊர் அந்த வீட்டு வாசலில் நிற்கும். ஆனால் அந்த நிம்மதிக்குக் காரணம் அவர்களிடம் குறைவாக இருப்பதல்ல. ஒருவருக்கொருவர் கடன்பட்டு, அந்தக் கடனைப் பல தலைமுறையாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான். ஒரு வேலி போட்ட வீட்டுக்குள் இருந்துகொண்டு அதில் பங்கெடுக்க முடியாது. ஆகஸ்ட், செப்டம்பரில் போய்ப் பாருங்கள். தெற்கு லொம்போக் வறண்ட பூமி. குடிதண்ணீர் லாரியில் வரும், காசு கொடுத்து வாங்குவார்கள். பெரிய நோய் என்றால் தீவின் பெரிய நகரமான மாத்தாரம் வரை ஓட வேண்டும். இளைஞர்கள் ஏன் மலேசியாவுக்குப் போகிறார்கள் என்பது அப்போது தெரியும். இதை அவர்கள் நம்மிடம் சொல்லிப் புலம்புவதில்லை, விருந்தாளி முன்னால் புலம்புவது மரியாதை இல்லை என்பதால்.

சரி, அங்கே வாழ வழியே இல்லையா? இருக்கிறது. வாடகைக்கு இருங்கள். அங்கே வசிக்க உரிய விசா இருந்தால் வீட்டை ஓராண்டு, ஈராண்டு வாடகைக்கு எடுப்பது முழுக்கச் சட்டப்படியானது. நீண்ட குத்தகையும் செல்லும், ஆனால் இருபத்தைந்து ஆண்டுப் பணத்தை ஒரே தவணையில் கொடுக்கும் வழக்கத்தில் உங்கள் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு மாதத்தில் ஒரு ஊர் யாருக்கும் தெரிந்துவிடாது. 5 லட்சம் ரூபியா கட்டி வாங்கும் வருகை விசா 30 நாளுக்கு, ஒரு முறை 30 நாள் நீட்டிக்கலாம், அவ்வளவுதான். வேலை பார்த்துக்கொண்டு இருக்க அது உதவாது, அதற்குத் தனி விசா உண்டு. போனதும் 24 மணி நேரத்துக்குள் ஊர்ப் பொறுப்பாளரிடம் போய்ச் சொல்லுங்கள். விருந்தாளி தன் வருகையைத் தெரிவிக்க வேண்டும் என்று ஊர் முகப்பில் பலகையே வைத்திருப்பார்கள். வெள்ளைக்காரர்கள் பலர் அதைப் படிப்பதில்லை. நாம் படிப்போம். நோன்பு மாதத்தில் பகலில் தெருவில் நின்று சாப்பிடாதீர்கள். வழியில் கல்யாண ஊர்வலம் மேளத்தோடு வந்தால் வண்டியை ஓரம் கட்டி இறங்கிப் பாருங்கள், ஹாரன் அடிக்காதீர்கள். பேச்சு மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். முதலில் இந்தோனேசிய மொழி, பிறகு கொஞ்சம் சாசாக்.

அந்த மைத்துனருக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் உங்களுக்கு இப்போது சங்கடமாக இருக்கும். "நம் இரண்டு பேருக்குமே சட்டச் சிக்கல், அதனால் வாங்கவில்லை" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவரை இழுத்தடிக்காதீர்கள், உங்களை நம்பி வேறு செலவைத் தொடங்கிவிடுவார். முடிந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். 2017 முதல் அரசு ஊர் ஊராக நிலங்களை மொத்தமாகப் பதிந்து சான்றிதழ் தரும் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. அவருடைய நிலம் அதில் சேர்ந்திருக்கிறதா, வாரிசுகள் எல்லார் பெயரும் வந்திருக்கிறதா என்று ஊர் அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். கையில் சரியான காகிதம் இருந்தால் பாதி நிலத்தைக் காட்டி வங்கியில் கடன் வாங்கலாம், இல்லை இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடலாம். அந்த இரண்டு அறைகளில் ஒன்றுக்கு ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கொடுப்பதாக நீங்கள் சொல்லிப் பாருங்கள். சேமிப்பில் ஒரு மூலை கூடக் குறையாது.

அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா