லண்டன்ல காசு கட்டியும் ரெண்டு பெனால்டி லெட்டர் ஏன் வருது?

லீசெஸ்டர்ல இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்காரு. அம்மாவுக்கு மத்திய லண்டன்ல ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட், செவ்வாய்க்கிழமை காலைல தன்னோட 2013 டீசல் கார்ல கூட்டிட்டுப் போயிருக்காரு, அம்மாவோட புளூ பேட்ஜ், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்குத் தர்ற பார்க்கிங் அட்டை, டாஷ்போர்டுல இருந்திருக்கு. வழியில டோல்கேட் எதுவும் இல்ல, யாரும் நிறுத்தவும் இல்ல. லண்டனுக்குள்ள கார் ஓட்டுறதுக்கு கட்டணம் உண்டே, எதுக்கும் இருக்கட்டும்னு சாயங்காலம் போன்ல தேடி, முதல்ல வந்த சைட்டுல காசு கட்டிட்டாரு. இப்ப ரெண்டு லெட்டர், ஒவ்வொண்ணும் 180 பவுண்ட். "ரசீதும் இருக்கு, பேட்ஜும் இருக்கு, அப்புறம் எதுக்கு சார் ஃபைன்?"னு கேக்குறாரு.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, இது டோல் இல்ல. கேமரா உங்க நம்பர் பிளேட்டை படம் புடிக்குது, அந்த நம்பருக்கு அந்தத் தேதியில காசு வந்திருக்கா, இல்ல விலக்கு பதிவாகியிருக்கான்னு கம்ப்யூட்டர் பாக்குது, ரெண்டும் இல்லன்னா வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு லெட்டர் போகுது, அவ்வளவுதான். கார்ல யார் இருந்தாங்க, எங்க போனாங்க, டாஷ்போர்டுல என்ன இருந்துச்சு, இதெல்லாம் அந்த கேமராவுக்குத் தெரியவே தெரியாது.

லெட்டர் ஏன் ரெண்டுன்னா கட்டணமே ரெண்டு. ஒண்ணு கன்ஜெஷன் சார்ஜ், அதாவது நெரிசல் கட்டணம், நடு லண்டனுக்கு மட்டும், வார நாள்ல காலை 7லேருந்து சாயங்காலம் 6 வரைக்கும், சனி ஞாயிறு மதியம் 12லேருந்து 6 வரைக்கும். 2003 பிப்ரவரியில 5 பவுண்டுல ஆரம்பிச்சது, 2026 ஜனவரியிலேருந்து 18. ஒரு நாளைக்கு ஒரு தடவை கட்டினா போதும், அன்னைக்கு எத்தனை தடவை உள்ள போய் வந்தாலும் அதே காசுதான். இன்னொண்ணு யூலெஸ், புகை அதிகமா விடுற பழைய வண்டிக்கு 12.50 பவுண்ட். 2023 ஆகஸ்ட்லேருந்து லண்டனோட எல்லா பரோவுக்கும், அதாவது நகரத்தோட எல்லா உள்ளாட்சிப் பகுதிக்கும், வந்துருச்சு. டீசல்னா பொதுவா யூரோ 6ங்கிற புகை அளவுத் தரம் இருக்கணும், உங்க 2013 வண்டி பெரும்பாலும் யூரோ 5ஆதான் இருக்கும், அதனால நடு லண்டனைத் தொடுறதுக்கு ரொம்ப முன்னாடியே இது ஆரம்பிச்சிருச்சு. அதோட யூலெஸ் நாள் நள்ளிரவுலேருந்து நள்ளிரவு வரைக்கும், ராத்திரி 11 மணிக்குப் போய் 1 மணிக்குத் திரும்பினா ரெண்டு நாள் கணக்கு, 25 பவுண்ட்.

இப்ப அந்த சைட்டுக்கு வருவோம், எனக்கு ரொம்ப கோவம் வர்ற இடம் இதுதான். இந்தக் கட்டணங்களை வசூலிக்கிறது டிஎஃப்எல், லண்டன் போக்குவரத்தைப் பாத்துக்கிற அரசு அமைப்பு. தேடினா மேல விளம்பரமா வந்து நிக்கிறதுல சிலது அவங்களோட சைட்டே கிடையாது. பாக்க அரசாங்க சைட் மாதிரியே இருக்கும், சர்வீஸ் சார்ஜ்னு மேல காசு வாங்குவாங்க, சில பேர் காசை வாங்கிட்டு கட்டவே மாட்டாங்க, சில பேர் ஒரு கட்டணத்தை மட்டும் கட்டிட்டு இன்னொண்ணை விட்டுருவாங்க. ரசீது என்னமோ பளபளன்னு வரும். அந்த ரசீதை வெச்சுகிட்டு டிஎஃப்எல் கிட்ட போனா, எங்க கணக்குல காசு வரலன்னு ஒரே வரியில முடிச்சுருவாங்க. இந்த மாதிரி ஆளுங்க இருக்காங்கன்னு அவங்களுக்கும் தெரியும், எச்சரிக்கையும் போட்டிருக்காங்க, ஆனா "உங்க வண்டி உள்ள வந்திருக்கு, இன்னும் காசு வரல"ன்னு முன்கூட்டியே பொதுவா ஒரு தகவலும் வர்றதில்ல, நேரா பெனால்டி லெட்டர்தான் வருது. இதைவிட மோசம், உங்க ஃபைனை கேன்சல் பண்ணித் தரேன்னு ஃபீஸ் கேக்குறவங்க. அப்பீல் பண்ண காசே வேண்டாம், நீங்களே பண்ணலாம்.

புளூ பேட்ஜ் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா நிறைய குடும்பங்க மாட்டுறது இதுலதான். பேட்ஜ் இருந்தா கன்ஜெஷன் சார்ஜ்ல 100 சதவீத தள்ளுபடி உண்டு, ஆனா தானா வராது. பேட்ஜ் யார் பேர்ல இருக்கோ அவங்க, அதாவது உங்கம்மா, டிஎஃப்எல்ல பதிவு பண்ணணும், 10 பவுண்ட் கட்டணம். அவங்களுக்கு கார் இருக்கணும்னோ ஓட்டத் தெரியணும்னோ இல்ல, ரெண்டு வண்டி நம்பர் வரைக்கும் குடுக்கலாம், அது மகன் வண்டியா இருந்தாலும் சரிதான். பயணத்துக்கு முன்னாடியே பதிவு முடிஞ்சிருக்கணும். டாஷ்போர்டுல வெக்கிறது பார்க்கிங்குக்கு மட்டும்தான் உதவும். அந்த பேட்ஜ் யூலெஸுக்கு விலக்கு தராது, இதை யாரும் எடுத்துச் சொல்றதே இல்ல.

இப்ப நீங்க பண்ண வேண்டியது: ரசீதுல நம்பர் பிளேட்டும் தேதியும் சரியா இருக்கான்னு ஒவ்வொரு எழுத்தா பாருங்க, ஓ எழுத்துக்கு பதிலா பூஜ்ஜியம் அடிச்சிருந்தா அது வேற வண்டி. பேங்க் ஸ்டேட்மென்ட்ல காசு யாருக்குப் போச்சுன்னு பாருங்க. அது டிஎஃப்எல் இல்லன்னா பேங்க் கிட்ட சார்ஜ்பேக், அதாவது கார்டுல போன காசைத் திருப்பி வாங்கித் தரச் சொல்லி, கேளுங்க. ரெண்டு லெட்டருக்கும் தனித்தனியா 28 நாளுக்குள்ள ஆட்சேபம் எழுதலாம், ரசீது, பேட்ஜ் காப்பி, ஆஸ்பத்திரி லெட்டர் எல்லாம் சேத்து அனுப்புங்க. மறுத்தா லண்டன் ட்ரிப்யூனல்ஸ்னு தனி அமைப்பு இருக்கு, அங்க போகலாம். ஆனா உள்ளதைச் சொல்லணும்ல, தெரியாம வேற சைட்டுல கட்டிட்டேங்கிறது வலுவான காரணம் இல்ல. 14 நாளுக்குள்ள கட்டினா 180க்கு பதிலா 90, ஒண்ணுமே பண்ணாம விட்டா 270 ஆயிரும். அதனால லெட்டரை ஓரமா மட்டும் வெச்சுராதீங்க.

இது வெறும் வசூல்தானேன்னும் கேட்டிருந்தீங்க. எனக்கு அப்படித் தோணல. ரோடு நிரம்புற நிலைமையில இருக்கும்போது கொஞ்சம் வண்டி குறைஞ்சாலே நெரிசல் நிறைய குறையும், அதுக்குத்தான் விலை வெக்கிறாங்க. ஸ்டாக்ஹோம்ல 2006ல சோதனையா வெச்சப்ப போக்குவரத்து சுமார் 20 சதவீதம் குறைஞ்சுது, சிங்கப்பூர்ல இடத்துக்கும் நேரத்துக்கும் ஏத்த மாதிரி விலையே மாறுது. திட்டத்துல எனக்கு குறை இல்ல. ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போறவரும் விவரம் தெரியாம மாட்டுற மாதிரி அதை நடத்துறாங்களே, அதுலதான் குறை.

அடுத்த அப்பாயின்ட்மென்டுக்கு முன்னாடி அம்மா பேர்ல பேட்ஜை பதிவு பண்ணிருங்க, யூலெஸுக்கு டிஎஃப்எல் சைட்டுலயே ஆட்டோ பே, அதாவது காசு தானா கட்டிக்கிற ஏற்பாடு, போட்டு வெச்சுருங்க, அட்ரஸை நீங்களே டைப் பண்ணிப் போங்க, தேடிப் போகாதீங்க.