கிணற்று மேட்டில் கொட்டிய டீசல்: மண்ணை மீட்பது எப்படி?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் வயல். பம்புசெட் கொட்டகையில் கேன் கவிழ்ந்து 20 லிட்டர் டீசல் மண்ணில் இறங்கிவிட்டது. டீசலைத் தின்னும் பாக்டீரியா கடையில் கிடைக்குமா?

பதில்: கடை கடையாக அலைய வேண்டாம். சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ், அசினெட்டோபாக்டர் வகையறா உங்கள் மண்ணிலேயே உண்டு. உரக்கடை சூடோமோனாஸ் பயிர்நோய்க்கானது. இதற்கென்று அதை வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

முதலில் கிணற்றைப் பாருங்கள். தண்ணீரில் வாடையோ எண்ணெய்ப் படலமோ தெரிந்தால் குடிக்கக் கூடாது. வாடை அடிக்கும் ஆழம்வரை மண்ணை மம்பட்டியால் வெட்டியெடுத்து, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டத்தில், மேடான இடத்தில் தார்ப்பாய் விரித்து, ஓரடி உயரத்துக்கு மிகாமல் பரப்புங்கள். சுற்றிலும் வரப்பு கட்டுங்கள். பக்கத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது.

20 லிட்டர் டீசல் சுமார் 17 கிலோ. அதில் கார்பன் மட்டும் 14.5 கிலோ. அந்தக் கார்பனைத் தின்று பெருக பாக்டீரியாவுக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். கார்பன் 100-க்கு நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1 என்பது வழக்கமான கணக்கு. அப்படிப் பார்த்தால் யூரியா 3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ. பாஸ்பேட்டை முதல் நாளே கலந்துவிடலாம். யூரியாவை மொத்தமாகக் கொட்டினால் உப்பேறி, அம்மோனியா கிளம்பி, பாக்டீரியாவே செத்துப்போகும். நாலு பங்காக்கி, 15 நாளுக்கு ஒரு பங்கு கரைத்துத் தெளியுங்கள். பத்துச் சட்டி மண்ணுக்கு ஒரு சட்டி மக்கிய தொழுவுரம். பச்சைச் சாணம் காற்றைக் குடித்துவிடும், மரத்தூள் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும்; இரண்டும் ஆகாது.

பெரும்பாலும் காரியம் கெடுவது தண்ணீரால்தான். ஒரு கிலோ டீசல் முழுக்கச் சிதைய மூன்று கிலோவுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். மண் சேறானால் அது உள்ளே போகாது. கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. வாரம் ஒருமுறை அடிவரை புரட்டுங்கள். களிமண் என்றால் உமி கலந்தால் பொலபொலவென்று இருக்கும். பிசான மழை (வடகிழக்குப் பருவமழை) பிடித்தால் மூடுங்கள், வெறித்ததும் திறந்துவிடுங்கள்.

நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பகுதி குறைந்துவிடும். வாடை போனதை மட்டும் நம்பாதீர்கள். லேசான பகுதி ஆவியாகியே போய்விடும். டம்ளர் தண்ணீரில் ஒரு பிடி மண் போட்டுக் கலக்கினால் வானவில் படலம் மிதக்கிறதா? இந்த மண்ணிலும் நல்ல மண்ணிலும் 20 பாசிப்பயறு போட்டால் இரண்டும் ஒன்றுபோல் முளைக்கிறதா? சாதாரண மண் பரிசோதனையில் டீசல் தெரியாது. ஆய்வகத்தில் ‘மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன்’ அளவைக் கேளுங்கள்.

கொட்டியது பழைய இன்ஜின் ஆயில் என்றால் கதையே வேறு. அது சிதைவது மெதுவாக. அதிலுள்ள உலோகங்களை எந்தப் பாக்டீரியாவும் தின்று தீர்க்காது. உலோக அளவையும் பார்க்காமல் அந்த மண்ணை வயலில் சேர்க்காதீர்கள்.