ஸ்பானிங் ட்ரீயை நிறுத்திவிடலாமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் மூன்று நெட்வொர்க் சுவிட்ச். ஒரு கேபிள் போனாலும் வேலை நிற்கக் கூடாது என்று ஒன்றுக்கொன்று முக்கோணமாக இணைத்திருக்கிறோம். கம்ப்யூட்டரை ஆன் செய்தால் அரை நிமிடம் நெட்வொர்க் வருவதில்லை, சில சமயம் ஐபி முகவரியே கிடைப்பதில்லை. ஸ்பானிங் ட்ரீயை ஆஃப் செய்தால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். முக்கோணமாக இணைத்திருப்பதால் உங்கள் நெட்வொர்க்கில் லூப் இருக்கிறது, அதில் ஒரு பக்கத்தை அடைத்து வைத்திருப்பதே ஸ்பானிங் ட்ரீதான். ஐபி பாக்கெட்டுக்கு இருப்பது போல ஈதர்நெட் ஃபிரேமுக்கு (சுவிட்சுகள் கடத்தும் தரவுப் பொட்டலம்) ஆயுள் கணக்கு கிடையாது. எல்லாருக்கும் போகும் செய்தி, அதாவது பிராட்காஸ்ட், ஒரே ஒன்று உள்ளே போனால் போதும், சுற்றிச் சுற்றிப் பெருகிக்கொண்டே இருக்கும். எல்லா போர்ட் விளக்கும் ஒன்றுபோல மின்ன ஆரம்பிக்கும், சுவிட்சுக்குள் லாகின் செய்யக்கூட முடியாது, ஓடிப்போய்க் கேபிளைப் பிடுங்க வேண்டியதுதான். இதற்காகத்தான் 1985-ல் ரேடியா பெர்ல்மன் இந்த முறையைக் கண்டுபிடித்தார்.

சரி, அந்த அரை நிமிடம்? எதிரே இன்னொரு சுவிட்ச் இருக்குமோ என்று போர்ட் 15 நொடி கேட்கிறது, 15 நொடி கற்கிறது, அதற்குள் கம்ப்யூட்டர் ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபியிடம் கேட்டு அலுத்துவிடுகிறது. கம்ப்யூட்டர், பிரிண்டர் மாட்டிய போர்ட்டுகளை மட்டும் எட்ஜ் போர்ட் ஆக்குங்கள் (சிஸ்கோவில் இதன் பெயர் போர்ட்ஃபாஸ்ட்), காத்திருப்பு போய்விடும். கூடவே அந்த போர்ட்டுகளில் பிபிடியு கார்டு (BPDU guard) என்ற காவல் அமைப்பையும் போடுங்கள், யாராவது அங்கே ஸ்பானிங் ட்ரீ பேசும் சுவிட்சை மாட்டினால் போர்ட் தானே மூடிக்கொள்ளும். சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் நடுவே உள்ள போர்ட்டில் மட்டும் எட்ஜ் வேண்டவே வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஸ்பானிங் ட்ரீயில் தலைமை வகிக்கும் சுவிட்ச், அதாவது ரூட் (root), யார் என்று பார்த்தீர்களா? பிரையாரிட்டி என்ற எண் எதில் சிறியதோ அதுதான் ரூட். எல்லா சுவிட்சிலும் பிரையாரிட்டி 32768 என்றே இருந்தால், மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் தயாரிப்பாளர் தரும் எண்) எதில் சிறியதோ அது ரூட் ஆகிவிடும், அது பெரும்பாலும் இருப்பதிலேயே பழைய சுவிட்ச்தான். நான் பார்த்த ஓர் இடத்தில் 100 மெகாபிட் பழசு ஒன்று இப்படி ரூட் ஆகி, புதிய இரண்டு கிகாபிட் சுவிட்சுகளுக்கு நடுவே இருந்த நேரடிக் கேபிள் அடைபட்டு, அத்தனை டிராஃபிக்கும் அந்தப் பழசு வழியாக ஊர்ந்துகொண்டிருந்தது. கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது என்று எல்லாரும் குழம்பினார்கள். அதனால் நடுநாயகமான சுவிட்சுக்கு 4096, அது போனால் பொறுப்பேற்க வேண்டியதற்கு 8192 என்று நீங்களே கொடுத்துவிடுங்கள். 4096-ன் மடங்காக இருந்தால்தான் ஏற்றுக்கொள்ளும்.

ஸ்பானிங் ட்ரீ மோடை எல்லா சுவிட்சிலும் ரேப்பிட் (வேகமான புதிய வகை) ஆக மாற்றுங்கள், ஆனால் அதிலும் எட்ஜ் என்று சொல்லாத கம்ப்யூட்டர் போர்ட் அதே 30 நொடி காத்திருக்கக்கூடும். அப்புறம் எல்லாரும் கிளம்பியபின் பிங் (இணைப்பு இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்கும் கட்டளை) ஓடவிட்டு, டிராஃபிக் போகும் கேபிள் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். ஒன்றிரண்டு பிங் விட்டுப் போய்த் திரும்ப வந்தால் நல்லது, அரை நிமிடம் நின்றால் ஏதோ ஒரு சுவிட்ச் இன்னும் பழைய மோடில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.